எழுபது லிட்டர் சமுத்திரம்

கடல்நீர்த் தொட்டியொன்றை வீட்டுக் கூடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்ற ஆசை பிறந்தவுடன், 'முதலில் சிறியதாக ஒன்றைத் தொடங்குவோம். கை பழகிய பிறகு பெரியதற்குப் போகலாம்' என்று நினைப்பது மனித சுபாவம். வியாபாரத்திலும் விவசாயத்திலும் மிகவும் நியாயமான இந்த யோசனை, கடல் விஷயத்தில் மட்டும் தலைகீழாகிவிடுகிறது. சித்திரை வெயில் பகல் முழுதும் காய்ந்தாலும் திறந்த கடலின் நீர் ஒரு பாகை சூடேறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஒரு திமிங்கிலமே இறந்து அழுகினாலும், அதன் நஞ்சு அந்த விஸ்தாரத்தில் எங்கே கரைந்தது என்று தெரியாமற் போய்விடும். இப்படி எதையும் அவசரப்பட்டுச் செய்யாத ஒரு பெருநீருக்குக் கோடிக்கணக்கான வருஷங்களாகப் பழகிவிட்ட ஜந்துக்களைத்தான், இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஒன்றேகால் அடி உயரமுமாகிய கண்ணாடிப் பெட்டிக்குள், அதாவது சுமார் 70 லிட்டர் நீருக்குள், நாம் குடியேற்றுகிறோம். அங்கே எல்லாமே அவசரமாக நடக்கிறது. கல்லிடுக்கில் நகக்கண் அளவு நத்தையொன்று மாலையில் இறந்தால் மறுநாள் காலையில் நீர் கலங்கத் தொடங்கும். மின்விசிறியை இரண்டு நாள் அதன் பக்கமாகத் திருப்பி வைத்தால் உப்பு ஏறிவிடும். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நான் வைத்திருப்பதும் சிறு தொட்டிதான்.

இந்தப் பிரயாசையை ஆதியில் அனுபவித்தவர்களுள் ஒருவர் ஆன்னா தின் என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1846ஆம் ஆண்டில் டார்க்கீ கடற்கரையில் கிடைத்த பவள ஜந்துக்கள் சிலவற்றை அவர் லண்டனுக்கு எடுத்துவந்து தம் வீட்டில் வைத்துக்கொண்டார். கடல்நீரோ தொலைவிலிருந்து வரவேண்டும். தேங்கிய நீரிலோ ஜந்துக்கள் மூச்சுத் திணறும். ஆகவே அவர் வீட்டுப் பணிப்பெண், திறந்த ஜன்னலருகே நின்று, நாள்தோறும் அரை மணி, முக்கால் மணி நேரம், நம்மூர் டீக்கடையில் டீ ஆற்றுவதைப்போல அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தாள். நீரில் பிராணவாயு கரைவதற்கு அன்றைக்கு இருந்த உபாயம் அதுவே. இன்று நம் தொட்டிகளில் இரவும் பகலும் ஓடுகிற பம்ப்பின் முணுமுணுப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் கைவலிதான் ஞாபகத்துக்கு வரும்.

1853இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன்களுக்கென்று ஒரு மாளிகை திறந்தார்கள். அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் 'தி அக்வேரியம்' என்ற நூலை எழுதி, அந்தப் பெயரையே உலகத்தின் வழக்காக்கிவிட்டார். அதைப் படித்த ஜனங்கள் கூடையும் உளியுமாகக் கடற்கரைக்குப் படையெடுத்து, பாறைக்குழிகளைத் துடைத்தெடுத்து விட்டார்கள் என்று அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளிவந்த தம் நூலில் வருந்தி எழுதினார். தகப்பன் அன்பினால் எழுதியதே அன்பு வைத்த பொருளுக்கு வினையாக முடிந்தது. நம் சென்னையிலும் 1909இல் மெரினாவில் ஒரு கடல்மீன் காட்சிசாலை ஏற்பட்டு, இரண்டாம் உலக யுத்த காலத்தில் மூடப்பட்டது.

சென்னையில் குடியிருப்பவரிடம் கடல்நீர்த் தொட்டியைப் பற்றிப் பேசினால், 'கடல்தான் பக்கத்தில் இருக்கிறதே, நாலு குடம் மொண்டு வந்தால் போகிறது' என்பார். கூவமும் அடையாறும் வந்து கலக்கும் கரையோரத்து நீரில் என்னவெல்லாம் இருக்கும் என்பதை நான் விவரிக்கவேண்டியதில்லை. அது போகட்டும், சுத்தமான நீரே கிடைத்தாலும், பெருநதிகள் பல வந்து விழுகிற வங்கக் கடலின் மேற்பரப்பில், மழைக்காலத்துக்குப் பிறகு உப்பின் அளவு நன்றாகவே குறைந்துவிடும். ஆகையால் நல்ல நீரில் உப்பைக் கரைத்து நாமே கடலைத் தயாரித்துக்கொள்வது உத்தமம். இது சாத்தியமாவதற்கு அஸ்திவாரமான உண்மை ஒன்று உண்டு. 1872 முதல் 1876 வரை உலகத்துச் சமுத்திரங்களைச் சுற்றிவந்த 'சேலஞ்சர்' என்ற கப்பல் பல இடங்களிலிருந்தும் ஆழங்களிலிருந்தும் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற ரசாயன அறிஞர் பரிசோதித்து, 1884இல் வெளியிட்ட முடிவு அது: கடலுக்குக் கடல் உப்பின் மொத்த அளவு கூடலாம், குறையலாம், ஆனால் அந்த உப்புக்குள் அடங்கிய பதார்த்தங்கள் தங்களுக்குள் கொண்டிருக்கும் விகிதம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. நூறு பங்கில் குளோரைடு 55, சோடியம் 30 பங்குக்குச் சற்று மேல், சல்பேட் ஏழேமுக்காலுக்குச் சற்றுக் குறைவு, மக்னீசியம் மூன்றேமுக்காலுக்குச் சற்றுக் குறைவு, கால்சியமும் பொட்டாசியமும் ஒவ்வொன்றும் ஒரு பங்குக்குச் சற்று மேல். இந்த விகிதம் எங்கும் ஒன்றாக இருப்பதால்தான் ஒரு தொழிற்சாலை அதை மூட்டையில் கட்டி விற்க முடிகிறது. சமையல் உப்போ சோடியம் குளோரைடு மட்டும். அதைக் கரைத்தால் கிடைப்பது ரசம் வைக்கத் தகுந்த நீரேயன்றிக் கடல் அன்று.

லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு என்பது கணக்கு. 70 லிட்டருக்கு இரண்டரைக் கிலோ. குழாய்நீரில் குளோரின் இருக்கும், ஆழ்குழாய் நீரில் என்ன இருக்கும் என்று பூமிக்குத்தான் தெரியும், எனவே ஆர்.ஓ. நீரே நல்லது. தனி வாளியில் நீரை ஊற்றி, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, ஒரு நாள் முழுதும் பம்ப்பால் சுழலவிட்டு, ஹைட்ராமீட்டரை மிதக்கவிட்டுப் பார்க்கும்போது ஒப்படர்த்தி 1.025 என்று காட்டவேண்டும். தொட்டியில் மீன் வந்தபிறகு அதற்குள்ளேயே உப்பைப் போட்டுக் கரைப்பது மகாபாவம்.

இங்கே என் மடத்தனம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதல் தொட்டியில் தினமும் நீர்மட்டம் ஒரு விரற்கடைக்கும் குறைவாக, சுமார் அரை லிட்டர், இறங்கிக்கொண்டிருந்தது. 'குறைவது கடல்நீர், ஆகவே ஊற்றவேண்டியதும் கடல்நீர்' என்று தர்க்கம் செய்துகொண்டு, பக்குவமாக உப்புக் கரைத்து வைத்த நீரை மாலைதோறும் அரை லிட்டர் ஊற்றி வந்தேன். மூன்றாவது வாரத்தில், கண்ணாடியில் மேய்ந்துகொண்டிருந்த நத்தைகள் ஒவ்வொன்றாக மணலில் விழுந்து, வாய்மூடியை இறுக்கிக்கொண்டு கிடந்தன. ஹைட்ராமீட்டரை மிதக்கவிட்டேன், 1.030 காட்டியது. உப்பளத்தைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், வெயிலுக்குப் போவது நீர்தான், உப்பு பாத்தியிலேயே தங்கிவிடுகிறது என்பது, எனக்குத் தோன்றாமற் போயிற்று. மூன்று வாரத்தில் முந்நூற்றைம்பது கிராமுக்கு மேல் வேண்டாத உப்பை அந்தப் பெட்டிக்குள் கொட்டியிருந்தேன். அன்றுமுதல் கண்ணாடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்து, அந்தக் கோடு வரையில் உப்பில்லாத நல்ல நீரையே ஊற்றி வருகிறேன்.

உப்பு இவ்வளவு கூடினாலும் குறைந்தாலும் உயிர்கள் ஏன் இத்தனை பாடுபடுகின்றன என்று கேட்கலாம். கடல்மீனின் ரத்தத்திலுள்ள உப்பு, அதைச் சூழ்ந்த நீரிலுள்ளதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. மெல்லிய தோலுக்கு இருபுறமும் உப்பு வேறுபட்டிருக்குமானால், உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் கசிந்துகொண்டே போகும் என்பது பிரகிருதியின் விதி. மாங்காயில் உப்புப் போட்டு வைத்தால் நீர்விடுவது இதனால்தான். ஆகவே கடலுக்குள்ளே வாழ்கிற மீன் ஊறுகாய் மாங்காயைப்போல ஓயாமல் தன் நீரை இழந்துகொண்டிருக்கிறது. அதை ஈடுசெய்ய ஓயாமல் கடல்நீரைக் குடிக்கிறது. குடித்ததிலுள்ள அதிகப்படியான உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. குளத்து மீனுக்கோ எல்லாம் நேர்மாறு: அது ஊறிப்போகாமலிருக்கப் பாடுபடவேண்டும், குடிக்கத் தேவையே இல்லை. தண்ணீருக்குள்ளேயே பிறந்து வளர்ந்தும் தாகத்தோடு வாழ்கிற இந்த ஜீவனுக்கு, உப்பின் அளவில் திடீரென்று நேரும் மாறுதல், சுமைகூலிக்காரனின் தலைமேல் நடுவழியில் இன்னொரு மூட்டையை ஏற்றுவது போன்றது.

உஷ்ணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 25 முதல் 27 பாகை வரை இருந்தால் நல்லது, சென்னையில் அது தை மாதத்தில்தான் தானாகக் கிடைக்கும். 25 பாகையில் நல்ல நீர் லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்கு மேல் பிராணவாயுவை ஏந்திக்கொள்ளும். அதே சூட்டில் கடல்நீர் ஏழுக்கும் குறைவாகவே ஏந்தும். சூடு ஏற ஏற அதுவும் குறையும். கத்திரி வெயிலில் மின்சாரமும் நின்றுவிட்ட ஒரு பிற்பகலில், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தபிறகு, பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்ப் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டேன்.

தொட்டிக்குள் கல் ஏன் வைக்கிறோம் என்பதில் பலருக்கும் தவறான அபிப்பிராயம் உண்டு. அலங்காரத்துக்கென்று நினைக்கிறார்கள். 1961இல் இந்தோனேசியாவின் லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் குடியிருக்கும் கற்களை அப்படியே தொட்டியில் அடுக்கி, காற்றுக்குமிழி விடுவதைத் தவிர வேறு சாதனம் ஏதுமின்றித் தாம் கடல் உயிர்களை வளர்ப்பதாக எழுதி, அந்நாள் வளர்ப்பாளர்களை வியப்பில் ஆழ்த்தினார். அந்தக் கல்லின் எண்ணற்ற துவாரங்களில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே நீரைச் சுத்தம் செய்தன. ஆனால் அந்த வழியை நாம் இங்கே அப்படியே பின்பற்ற முடியாது, பின்பற்றவும் கூடாது. மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் வீட்டுச் சுவருக்கும் வாரிக்கொண்டு போனார்கள். அங்கே 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைத்தார்கள். 2001இல் பவளங்களும் கடற்குதிரைகளும் கடலட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. கடையில் யாராவது துணியை விலக்கிப் பவளத்தையோ கடற்குதிரையையோ காட்டினால், விலை கேட்காமல் நகர்ந்துவிடுவதே முறை. துவாரங்கள் மிகுந்த சாதாரணச் சுண்ணாம்புக்கல்லோ, கடைகளில் விற்கும் செயற்கைக் கல்லோ போதும். உயிரைக் கடலிலிருந்து பெயர்த்துக்கொண்டு வர வேண்டியதில்லை. பொறுத்திருந்தால் அது தானே வந்து குடியேறும்.

அந்தப் பொறுமையைப் பற்றித்தான் இனிச் சொல்லப்போகிறேன். மீன் கழிப்பது பெரும்பாலும் அம்மோனியா. மிஞ்சிய ஆகாரம் அழுகினாலும் அம்மோனியா. நல்ல நீர்த்தொட்டியில் இதன் பெரும்பகுதி அவ்வளவாகத் தீங்கில்லாத வேறோர் உருவத்தில் இருக்கும். காரத்தன்மை மிகுந்த கடல்நீரிலோ அதன் விஷ உருவத்தின் பங்கு பலமடங்கு கூடிவிடுகிறது. இந்த விஷத்தை உண்டு நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியா ஒரு கூட்டம். அந்த நைட்ரைட்டை உண்டு, தீங்கு மிகக் குறைந்த நைட்ரேட்டாக மாற்றுவது இன்னொரு கூட்டம். மண்ணில் நடக்கும் இந்த இரட்டை வேலையின் சூட்சுமத்தை 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்ய விஞ்ஞானி செர்கே வினோகிராட்ஸ்கி கண்டறிந்தார். வயலுக்கு உரமாவதும் தொட்டிக்குத் துப்புரவாவதும் ஒரே இனத்து உழைப்புதான். இந்தக் குடிகள் வந்து பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரையில் தொட்டியில் மீன் இருக்கலாகாது. ஆனால் அவற்றுக்கு உணவாக அம்மோனியா மட்டும் இருந்தாக வேண்டும்.

ஆகையால் நான் சந்தையில் வாங்கிய ஓர் இறாலைத் தோலுரித்து, நூல்துணியில் முடிந்து, நீரில் தொங்கவிட்டேன். என் அம்மா இரண்டு நாள் பொறுத்தார்கள். மூன்றாம் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, "மீனே இல்லாத தொட்டியில இறாலைக் கட்டித் தொங்கவிட்டு யாருக்குடா படைக்கிறே?" என்றார்கள். கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கு என்றேன். வீட்டில் பூஜை அறை வேறு பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். தினமும் இரவு, சிறு கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி நீரெடுத்து, சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்ப்பேன். அம்மோனியாக் குழாய் மஞ்சளாகத் தொடங்கி வேப்பிலைப் பச்சையாக ஏறிற்று; இரண்டு வாரம் கழித்து அது மெல்ல வெளுக்கத் தொடங்கிய சமயத்தில், நைட்ரைட்டுக் குழாய் இளநீலத்திலிருந்து நாவற்பழ நிறத்துக்கு மாறிற்று; அது பத்து நாளுக்கு மேல் அசையவே இல்லை. பிறகு ஒரு நாள், வெளியூர் போய்த் திரும்பிய இரவில், இரண்டு குழாய்களும் ஆதியில் இருந்த நிறத்துக்கே வந்திருந்தன. தொட்டியில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. கல்லும் மணலும், கண்ணாடியில் பழுப்புநிறப் பாசியும்தான். ஆயினும் அன்றைய தினம் எனக்கு உண்டான சந்தோஷம் பிற்பாடு மீன் விட்ட நாளில்கூட உண்டாகவில்லை.

மீனைத் தேர்ந்தெடுப்பதில் ஆசையைக் கட்டுப்படுத்துவதே பாதி சாமர்த்தியம். கடையில் இரண்டங்குலம் இருக்கும் நீல சர்ஜன் மீன் வளர்ந்தால் ஓரடி நீளமாகும். அதற்கு இந்தப் பெட்டி சிறைச்சாலையாகக்கூடப் பற்றாது. விலை மலிவான நீல டேம்சல் மீன் ரௌடித்தனத்தில் பேர்போனது. தொட்டி முழுவதையும் பட்டா போட்டுக்கொண்டு, பின்னால் வருகிற எவரையும் துரத்தித் துரத்திக் கொல்லும். 70 லிட்டருக்கு ஒரு ஜோடி கோமாளி மீன், மணலைக் கிளறித் திரியும் சிறு கோபி மீன் ஒன்று, துப்புரவு இறால் ஒன்று, நாலைந்து நத்தைகள், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகள் இரண்டு, இவ்வளவே என் முடிவு. நத்தையும் நண்டும் முதலில். மீன்கள் பிறகு, இரண்டு மூன்று வார இடைவெளி விட்டு. நோயாளியாக வந்து சேரும் மீனால் எல்லாம் அழியாதிருக்க, ஒவ்வொன்றையும் தனித்தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பார்த்த பிறகு. வெண்புள்ளி நோய்க்குத் தாமிரம் கலந்த மருந்து நல்ல சிகிச்சைதான். ஆனால் மீனைப் பிழைப்பிக்கும் அதே தாமிரம் நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும் என்பதால், சிகிச்சையும் அந்தத் தனித்தொட்டியிலேயே நடக்கவேண்டும்.

கோமாளி மீன் வாங்குவதில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தாரும் அதைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் வித்தையைக் கைவரப் பெற்றிருக்கிறார்கள். பண்ணையில் பிறந்த மீன் கண்ணாடிச் சுவரையே உலகமாக அறிந்தது. தூவிய ஆகாரத்தை உண்ணப் பழகியது. ஆகாரம் என்றதும் ஆர்ட்டீமியாவை மறக்கலாகாது. மற்ற எதுவும் எளிதில் வாழாத தூத்துக்குடி உப்பளங்களின் கடும் உவர்நீரிலும் நீந்தித் திரியும் அந்தச் சிறிய இறால் ஜாதி, எந்த மீனின் பசியையும் கிளப்பிவிடும்.

வாங்கிவந்த மீனைப் பையோடு கவிழ்ப்பது கூடாது. பையிலுள்ள நீரோடு அதை ஒரு சிறு வாளியில் விட்டு, தொட்டியிலிருந்து காற்றுக்குழாய் ஒன்றை வளைத்திறக்கி, குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு மூன்று துளியாக ஒரு மணிநேரம் சொட்டவிட வேண்டும். முடிச்சை இறுக்கினால் துளி குறையும், தளர்த்தினால் கூடும். கடை நீரும் வீட்டு நீரும் மெல்ல மெல்ல ஒன்றாகிக்கொண்டிருக்க, ஆரம்பத்தில் மூலையில் ஒண்டிக்கிடந்த மீன் சிறிது சிறிதாக நடுவே வந்து பக்கத்துடுப்பை அசைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது, காத்திருப்பதன் அலுப்பைப் போக்கிவிடும்.

கோமாளி மீன் இருந்தால் கடற்சாமந்தி இல்லாமலா என்று எல்லோரும் கேட்பார்கள். இல்லாமல்தான். சாமந்திக்கு வேண்டிய வெளிச்சமும் நிலையான நீரும் ஒரு வருஷமாவது பழகாத சிறு தொட்டியில் கிடைக்காது. அது இறந்தால் எல்லோரையும் கூட்டிக்கொண்டுதான் போகும். சாமந்தி அற்பாயுள் ஜந்து அன்று: 1828இல் ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் கரையில் சர் ஜான் டேலியல் என்பவர் எடுத்த ஒரு சாமந்தி, 'பாட்டி' என்று செல்லப் பெயர் பெற்று, அவரும் போய்ச் சேர்ந்தபிறகு கைமாறிக் கைமாறி, 1887 வரையில் ஒரு கண்ணாடி ஜாடியில் உயிர் வாழ்ந்தது. அத்தகைய ஆயுளை நாம் இரண்டு மாதத்தில் முடித்துவைப்பது நியாயமில்லை. என் கோமாளிகள் பூந்தொட்டியின் உடைந்த ஓட்டுத்துண்டு ஒன்றையே சாமந்தியாகப் பாவித்து, அதன் அடியில் ஒண்டிக்கொள்கின்றன.

இந்த இனத்தில் பிறக்கும்போது எல்லாம் ஆண். கூட்டத்தில் பெரியது எதுவோ அது பெண்ணாகிறது. அந்தப் பெண் இறந்தால் அதன் கணவன் பெண்ணாகி, அடுத்ததைக் கணவனாக்கிக்கொள்கிறது. என்னிடமுள்ள இரண்டும் வரும்போது ஒரே அளவுதான். இரண்டு வருஷத்துக்குள் ஒன்று மற்றதைப்போல் ஒன்றரை மடங்காகிவிட்டது. மூன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, இரண்டும் சேர்ந்து அந்த ஓட்டுத்துண்டை வாயால் கொத்திக் கொத்தித் துலக்கிக்கொண்டிருந்தன. பிற்பகலில் பார்த்தால், உள்புறத்தில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள், அரிசியை நிறுத்தி ஒட்டவைத்ததுபோல. பெண் வாசலில் காவல் நின்று, கண்ணாடி துடைக்கப் போன என் விரலைக் கடித்தது. ஆண் அசையாமல் பக்கத்திலிருந்து துடுப்பால் விசிறிக்கொண்டும், கெட்டுப்போன முட்டையைப் பொறுக்கி எடுத்துக்கொண்டும் இருந்தது. நாளாக ஆக ஆரஞ்சு நிறம் மங்கிக் கறுத்தது. ஏழாம் நாள் டார்ச் விளக்கைப் பிடித்தபோது, ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு வெள்ளிப் புள்ளிகள் மின்னின, அவை கண்கள். அன்றிரவு விளக்கணைத்து ஒரு மணி கழித்துப் பார்த்தேன். ஓடு வெறுமையாக இருந்தது. நீரின் மேற்பரப்பில் ரோமத்துண்டுகள்போல் ஏதோ துடித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு வேண்டிய நுண்ணிய இரை இந்தத் தொட்டியில் இல்லை. பம்ப்பை நிறுத்திக் கோப்பையால் மொண்டு எடுத்தவை மூன்று நாள் இருந்தன. பன்னிரண்டாம் நாள் காலையில், ஆண்மீன் மறுபடியும் அந்த ஓட்டைத் துலக்கிக்கொண்டிருந்தது.